ராத்திரி வீட்டுக்குள்ள திருடன் வந்த அனுபவம் இருக்கா? நடந்ததைச் சொல்லுங்க

சாளைக்காரன் (சென்னிமலைப் பக்கம்):

எங்க சாளை, அதாவது தோட்டத்து வீடு, ஊரைவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். 2025-ல சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டுல தனியா இருந்த வயசான தம்பதியைக் கொன்னுட்டு நகையை எடுத்துட்டுப் போன செய்தி வந்ததிலிருந்து, அப்பா கட்டிலுக்கடியில அருவாள் இல்லாம படுக்கறதில்லை. சனிக்கிழமை ஆனா நானும் திருப்பூர்ல இருந்து வந்துடுவேன்.

அப்படி வந்திருந்த ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். நாய் குலைச்சுட்டே இருந்தது சட்டுனு நின்னுடுச்சு. உள் ரூம்ல மண்ணு உதிர்ற சத்தம். மேல பார்த்தா கூரையில மூணு ஓடு பிரிச்சிருக்கு, ஒரு கால் உள்ள தொங்குது. பாதமெல்லாம் சேறு. அம்மா அதுக்கு நேர் கீழ படுத்திருந்தாங்க.

அப்பா அருவாளோட போட்ட சத்தத்துல அந்தக் கால் மேல ஏறிடுச்சு. கூரையிலிருந்து குதிச்சு ஓடினான். அப்பாவும் விடல, வரப்புல துரத்திட்டே போனார். நான் பின்னாடியே ஓடி அவர் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுட்டேன். "உடு கண்ணு, உங்கம்மா தலைமாட்டுல கால வெச்சான்டா"ன்னு அழுதார். எங்கப்பா அழுது நான் பார்த்ததில்லை. தடுத்தது சரிதானான்னு இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை (வக்கீல், மதுரை):

அண்ணா, நீங்க தடுத்தது நூத்துக்கு நூறு சரி. உங்கப்பாவைக் காப்பாத்திட்டீங்க.

ஓட்டைப் பிரிச்சு இறங்கறது, பூட்டை உடைக்கிறது எல்லாம் சட்டப்படி வீட்டை உடைச்சு நுழையறதுதான். பொழுது சாஞ்சதிலிருந்து விடியறதுக்குள்ள அப்படி நுழையறவனைத் தடுக்கும்போது, வேற வழியில்லாம அவன் உயிர் போனாலும் அது தற்காப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 103-வது பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 41-வது பிரிவு. கொள்ளைக்கும், குடியிருக்கற வீட்டுக்குத் தீ வைக்கிறவனுக்கும் அதே பிரிவுதான். வெறும் திருட்டுன்னா, தடுக்கலைன்னா உயிர் போகும், இல்ல கொடுங்காயம் ஆகும்னு நியாயமான பயம் இருந்திருக்கணும்.

ஆனா அந்த உரிமை அவன் உள்ள இருக்கற வரைக்கும்தான். உங்க வரப்புல அது முடிஞ்சு போச்சு. பொருளோட ஓடினாக்கூட துரத்திப் பிடிக்கலாம், பிடுங்கலாம். ஓடறவனை வெட்டிச் சாய்க்க முடியாது.

நான் ஜூனியரா இருந்தப்போ இதே மாதிரி ஒரு வழக்கு. ஆட்டுப்பட்டியில கை வெச்சவனை ஒரு பெரியவர் வெட்டிட்டார். தற்காப்புன்னுதான் வாதாடினோம். பிரேதப் பரிசோதனை அறிக்கையை நான்தான் படிச்சேன்: மூணு வெட்டு, மூணும் முதுகுல. படிக்கும்போதே எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. உரிமை இருந்து, நல்ல எண்ணத்துல அளவு மீறிட்டா, கொலைன்னு இல்லாம ஒரு படி கீழ இறங்கும். ஆனா ஜெயில் ஜெயில்தான்.

இன்னொண்ணையும் சொல்லணும், ஏன்னா பயந்தே உயிரை விடறவங்களும் இருக்காங்க. கழுத்துல கத்தி இருக்கும்போது இவ்வளவு பலமாத்தான் அடிக்கணும்னு தராசுல நிறுத்துப் பார்க்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. தற்காப்புன்னு காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. ஆனா அரசுத் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நடந்திருக்கும்னு தோணினா போதும்.

கிணத்துமேடு (உடுமலை):

எங்க வீட்டு விஷயத்தை இதுவரைக்கும் வெளிய சொன்னதில்லை. பெரியப்பா மகன் காட்டுப்பன்னிக்காக வேலியில கரண்ட் கம்பி கட்டினான். பன்னியோட சேர்த்து தேங்காய் திருடறவனுக்கும் பயம் இருக்கும்னான். ஒரு விடிகாலையில வேலி ஓரமா கிடந்தது பக்கத்து ஊர்ப் பையன். கையில ஒரு சாக்கு, அதுல நாலு தேங்காய். அந்தப் பையனோட அம்மா கோர்ட்டுல எங்களைத் திட்டவே இல்லை, பார்த்துட்டே உட்கார்ந்திருந்தாங்க. என் தோட்டம், என் வேலின்னு அண்ணன் சொன்னது எதுவும் எடுபடலை.

வைகைக்கரை:

எடுபடாதுங்க. 1963-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வெச்சுடுச்சு. பீகார்ல ஒருத்தர் தன் கக்கூஸுக்கு வெளியாள் வரக்கூடாதுன்னு கம்பி கட்டி கரண்ட் விட்டார், ஒரு பெண் செத்துப் போனாங்க. அத்துமீறி வந்தவங்கதான், ஆனாலும் தற்காப்புங்கற வாதத்தை ஏத்துக்கலை, தண்டனை உறுதியாச்சு. எதிர்ல நிக்கறது யாரு, கையில என்ன இருக்குன்னு பார்த்துத்தான் தற்காப்பு. கம்பிக்கு அது தெரியாது.

சாளைக்காரன்:

வக்கீலம்மா, நீங்க எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முதுகுல மூணு வெட்டுன்னதும் "போதும்"னுட்டார். ஓட்டை எடுத்துட்டு தகர ஷீட் போட்டு, கீழ கம்பி வலை அடிச்சாச்சு. வாசல்ல ரெண்டு பெரிய லைட். அருவாள் இன்னும் கட்டிலுக்கடியிலதான் இருக்கு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் ரெண்டு போடச் சொன்னார். திருடன் வெளிய ஓடினா தான் பின்னாலயே போகாம இருக்கறதுக்கு, மேல் தாழ்ப்பாளைத் திறக்கற பொறுப்பை அம்மாகிட்ட விட்டுட்டார்.