பைபோலாரை ஸ்கேனில பிடிக்கேலுமா?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்காவின்ர மகனுக்கு 11 வயசு. ரெண்டு கிழமை நித்திரையில்லாமல் துள்ளுவான், பிறகு கட்டிலை விட்டு எழும்பான். பைபோலாரா இருக்கலாம், அதாவது மனநிலை உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறி மாறிப் போற வருத்தம், மருந்து தொடங்குவம் எண்டுறார் டொக்டர். எனக்கு மனம் ஒப்பேல்லை. முதல்ல மூளையை ஸ்கேன் எடுப்பம். வெளிநாட்டில மூளையில பயத்தை உணருற அமிக்டலா எண்ட பகுதியைப் பாத்தே கண்டுபிடிக்கினமாம்.

வெள்ளவத்தை வாணி:
எங்கயும் அப்பிடிக் கண்டுபிடிக்கிறேல்லை, தம்பி. நீங்கள் கேள்விப்பட்டது 2006இல அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்து ஆக்கள் வெளியிட்ட ஆய்வாயிருக்கும். ஒரு உணர்ச்சியும் இல்லாத முகப் படங்களைக் காட்ட, பைபோலார் உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாப் பகையைக் கண்டினம், கூடுதலாப் பயந்தினம். அவையின்ர இடது அமிக்டலாவும் மற்றவையை விடக் கூடுதலா வேலை செய்தது. ஆனா அது ஒரு கூட்டத்தின்ர சராசரி. உங்கட மருமகன் ஒருத்தனை மெசினுக்குள்ள விட்டு முடிவு சொல்லேலாது.

பழைய பாமசிக்காரன்:
சராசரியும் நிக்கேல்லை, பிள்ளை. 2010இல அதே நிறுவனத்து ஆக்கள் திரும்பப் பாக்க, அமிக்டலா கூடுதலா வேலை செய்தது ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் துருதுருப்பும்) உள்ள பிள்ளைகளுக்கு. அமெரிக்காவில பைபோலார் எண்டு பேர் வைச்சு டொக்டரிட்டப் போன பிள்ளைகளின்ர வருகை, 1994-95இல வருசத்துக்கு லட்சம் பேருக்கு 25. 2002-03இல 1003! எட்டு வருசத்தில பிள்ளையளின்ர மூளை மாறிச்சுதோ? கோபக்காரப் பெடியளுக்கெல்லாம் லேபல் ஒட்டினாங்கள்.

வெள்ளவத்தை வாணி:
ஒட்டினதுதான், அண்ணை. அதைக் குறைக்கத்தான் 2013இல டி.எஸ்.எம்-5 எண்ட அமெரிக்க மனநோய்க் கையேட்டில, விடாத எரிச்சலுக்கு வேற பேர் வந்தது. அதுக்கு வழிவிட்டதும் இந்த ஆராய்ச்சிக்காரர்தான். என்ர மகளுக்கும் இதே வருத்தம். ரீச்சர் இடாப்பைப் பாத்துக்கொண்டு சும்மா நிண்டாலும், "அம்மா, என்னை முறைக்கிறா" எண்டு அழுவாள். நடிப்பெண்டு அடிச்சனான். அந்த ஆய்வை வாசிச்ச பிறகு வாய்விட்டே சொல்றன்: "கோபமில்லை, யோசிக்கிறன்."

பழைய பாமசிக்காரன்:
அதைச் சொல்ல மெசின் எதுக்கு? எங்கட அம்மம்மாவே சொல்லியிருப்பா.

வெள்ளவத்தை வாணி:
உங்கட அம்மம்மா அடிக்கேல்லையோ?

பழைய பாமசிக்காரன்:
அடிச்சவதான். 😄 தம்பி, ஸ்கேனுக்குக் கடன்படாதேங்கோ. பைபோலாருக்குக் குடுக்கிற லித்தியம் மருந்தை எழுதினா இரத்தத்தில அளவு பாக்கோணும், அந்தக் காசை அதுக்கு வையுங்கோ.

வெள்ளவத்தை வாணி:
இதில மட்டும் அண்ணையோட ஒத்துப்போறன். எத்தினை மணிக்குப் படுத்தான், எப்ப எழும்பினான் எண்டு ஒரு கொப்பியில குறிச்சு டொக்டரிட்டக் குடுங்கோ.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
நேற்று விடியக்காலம் 3 மணிக்கு சைக்கிளைத் துடைச்சுக்கொண்டு நிண்டவன். அதையும் எழுதவோ?

வெள்ளவத்தை வாணி:
அதைத்தான் முதல்ல எழுதோணும்.