பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.ஏ. தத்துவம் போகலாமா?

கெடிலக்கரை:
கடலூரில் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம் படிக்கிறேன். அடுத்து காலாப்பட்டில், பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம், அப்புறம் பிஎச்.டி. என்று ஆசை. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். தாத்தா சொல்லிக்கொடுத்த சைவ சித்தாந்தம் கொஞ்சம் தெரியும், மேற்கத்திய தத்துவம் யூடியூபில் பார்த்ததோடு சரி. இப்போதே எதிலிருந்து தொடங்கலாம்?

காலாப்பட்டு வாசி:
தத்துவத்தில் பட்டம் இல்லையே என்று தயங்காதீங்க, தங்கச்சி. எம்.ஏ. சேர கியூட் பிஜி என்ற நுழைவுத் தேர்வு எழுதணும், அந்த வருஷ அறிவிப்பை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணிதக்காரருக்குக் குறியீட்டுத் தர்க்கம் (வாதங்களைக் குறியீடுகளாக எழுதிச் சோதிப்பது) சுலபமாக வரும். கூடவே கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்கும் தயாராகுங்கள். அதன் வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி மாணவர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டில் பேசுவதற்கும் அது பெரிய பலம்.

சிதம்பரம் ஆசிரியர்:
நெட் வேண்டும்தான், ஆனால் அதையே தயாரிப்பு என்று நினைத்துவிடாதே அம்மா. இரண்டு தாளிலும் சேர்த்து 150 கேள்வி, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பது, சொந்தமாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. ஆராய்ச்சியோ முழுக்க முழுக்க எழுத்து. நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட ஆய்வுத் திட்டம் எழுது என்றால் திணறிப்போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உன் கையில் சித்தாந்தம் இருக்கிறதே, அங்கேயே தொடங்கு. சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூலில் மற்றவர்கள் கொள்கையை மறுக்கும் பகுதி பரபக்கம். அது உலகாயதரை, அதாவது கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்பவர்களை, மறுப்பதில் ஆரம்பிக்கிறது. நேரில் காணும் காட்சி ஒன்றுதான் அளவை (அறிவு பெறும் வழி), கண்டதை வைத்துக் காணாததை ஊகிக்கும் அனுமானத்தை நம்ப முடியாது என்பது அவர்கள் கட்சி. அதை ஓர் உலகாயதரே படித்தாலும் ஆமாம், நான் சொல்வது இதுதான் என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கம் எழுது. பிறகு மறுப்பு: இதுவரை சில அனுமானங்கள் பொய்த்தன, ஆகவே எதையும் நம்பக்கூடாது என்றால், அந்த 'ஆகவே'யே ஓர் அனுமானம் ஆகிவிடுகிறதே? அதற்கு உலகாயதர் என்ன பதில் சொல்வார் என்று அடுத்த பக்கம். வாரம் ஒன்று இப்படித் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கு. டேக்கார்ட், ஹியூம் போன்ற மேற்கத்திய தத்துவவாதிகள் எல்லாரையும் பிறகு இதே முறையில் படிக்கலாம்.

காலாப்பட்டு வாசி:
சார் சொல்வது சரி, எழுத்துதான் முதலில். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சித்தாந்தத்தில் பிஎச்.டி. எண்ணம் இருந்தால் சமஸ்கிருதம் இப்போதே தொடங்குங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் உள்ள சமஸ்கிருதம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், இவ்வளவு பக்கத்தில் இருப்பதை விடாதீங்க.