ஆர் ஒரு பக்கம், பைத்தான் ஒரு பக்கம்: வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. எங்க டேட்டா டீம்ல ரெண்டு புரோகிராமிங் மொழி ஓடுது: புள்ளியியல் படிச்சவங்க எல்லாம் ஆர் (R), கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்க எல்லாம் பைத்தான். எதிர் பக்கத்து ஆளுங்க எழுதின புரோகிராமை யாரும் திறந்தே பார்க்கிறதில்லை. நடுவுல போறது சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் டேபிள்) மட்டும்தான். அதுல தேதி வெறும் எழுத்தாயிடுது, "007"னு இருந்த ஐடி 7 ஆகி வந்து நிக்குது.

இதுக்குத்தான் 2016-லயே பைத்தான் பக்கம் வெஸ் மெக்கின்னியும் ஆர் பக்கம் ஹேட்லி விக்கமும் சேர்ந்து, அப்பாச்சி ஆரோவை (டேபிள் டேட்டாவை மொழிக்கு மொழி ஒரே மாதிரி வெச்சுக்கற ஒரு பொது அமைப்பு) வெச்சு, ரெண்டு மொழியும் படிக்கிற ஃபெதர்ங்கற ஃபைல் ஃபார்மட்டைக் கொண்டு வந்தாங்க. (பெரியவங்களே சண்டை போடல, நமக்கென்ன!) அதனால ஃபைலுக்கு ஃபெதர், இல்லன்னா அதே மாதிரி இன்னொரு ஃபார்மட்டான "பார்க்கே" (Parquet)னு முடிவு பண்ணியாச்சு.

சிக்கல் புரோகிராம் கோட்லதான். ரெட்டிகுலேட்ங்கற ஆர் பேக்கேஜ் வழியா ஆர்ல இருந்து பைத்தானைக் கூப்பிடலாம். ஆனா 1-னு அனுப்பினா அங்கே 1.0 ஆகுது, முழு எண்ணாவே போகணும்னா 1எல் (1L)-னு எழுதணும். இண்டெக்ஸ் (லிஸ்ட்ல எத்தனாவதுங்கற எண்) வேற ஆர்ல 1-ல, பைத்தான்ல 0-ல ஆரம்பம்.

இப்படிக் கலப்பு டீம்ல இருக்கறவங்க, கோட் ரிவ்யூவை (எழுதின கோடைச் சரிபார்க்கற வேலையை) யார்கிட்ட கொடுக்கறீங்க? குவார்ட்டோல (கோடும் எழுத்தும் கலந்து ரிப்போர்ட் தயாரிக்கற டூல்) ரெண்டையும் ஒரே ரிப்போர்ட்ல எழுதறவங்க பேக்கேஜ் வெர்ஷன்கள் மாறாம எப்படிப் பூட்டி வைக்கறீங்க?

"எல்லாரும் பைத்தானுக்கு மாறுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க மாடல் பாதி எல்எம்இ4-ங்கற (lme4) ஆர் புள்ளியியல் பேக்கேஜ்ல இருக்கு.