ஒன்றரை நிமிடம் தள்ளிப்போன கிராக்

டிரம்காரன்:

காபிக்கொட்டை வறுக்கும் ஐந்து கிலோ டிரம் ஒன்று, ஆட்கள் இரண்டு பேர். இவ்வளவுதான் என் வறுவல் கூடம். 2025-இல் என் கையாலேயே கெடுத்துக்கொண்டதை வறுப்பவர்கள் பேசும் இந்தக் குழுவில் எழுதினால் வேறு யாருக்காவது ஒரு மூட்டையாவது மிச்சமாகும்.

அந்தப் பருவத்தில் எல்லாமே ஒன்றாக மாறியது. பிரேசிலில் வறட்சி. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 1977-இல் தொட்ட உச்சத்தையும் தாண்டிவிட்டது. வழக்கமாக எடுக்கும் கொலம்பியா லாட் (ஒரே தொகுதியாக வரும் கொட்டை) அடுத்த தடவை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த இடத்துக்கு எத்தியோப்பியா புதுப் பயிரை எடுத்தேன். அதே சமயத்தில், என்னோடு நான்கு வருடம் இருந்த பையன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். சூடு ஏறும் வரைகோட்டை லேப்டாப்பில் பார்த்தே பேசுகிறவர். எனக்குக் காதும் மூக்கும்தான் கணக்கு.

கொலம்பியாவில் ஒன்பதரை நிமிடத்தில் கிராக், அதாவது கொட்டை படபடவென்று வெடிக்கும் சத்தம், வரும்; மீட்டரில் 196 டிகிரி காட்டும். எத்தியோப்பியா முதல் சில பேட்ச் ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு வாரா வாரம் தள்ளிக்கொண்டே போய்ப் பதினோரு நிமிடத்தில் வந்து நின்றது. மீட்டரிலோ 191-தான். நேரம் கூடுகிறது, டிகிரி குறைகிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மேட்டு நிலத்துக் கொட்டை, இறுக்கமாக இருக்கும், சூடு உள்ளே இறங்க நேரமெடுக்கும் என்று நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன். ஈரப்பதம் 11.2 சதவீதம், 10-க்கும் 12-க்கும் நடுவில், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் குறை சொன்னேன். கேஸைக் கூட்டினேன், சார்ஜ் வெப்பநிலையை (கொட்டை போடும்போது டிரம்மில் இருக்கும் சூடு) ஏற்றினேன், பேட்சை நாலு கிலோவாகக் குறைத்தேன். கப்பிங்கில் (ருசி பார்ப்பதில்) புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, வெந்து போன மாதிரி ஒரு மந்தம். அடியில் லேசாகப் புகை வாடை. "உங்க காபி களைச்சுப் போயிருக்கு" என்றார் பழைய வாடிக்கையாளர் ஒருவர். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

கொட்டை கொடுத்தவருக்குக் காட்டமாக ஒரு மெயிலும் போட்டேன். அது தனிக் கதை.

ஏழாவது வாரம் அந்தப் பெண்தான் கேட்டார்: "சார், பழைய கொலம்பியா மூணு கிலோ இருக்கே, அதுல ஒரு பேட்ச் போட்டுப் பார்க்கலாமா?" எனக்கு மனமே இல்லை. இனி வாங்க முடியாத சரக்கு. அரை மனதாகப் போட்டோம். அதுவும் பதினோரு நிமிடம், 191. அப்படியென்றால் பழுது கொட்டையில் இல்லை.

அப்புறம்தான் கூரைக்குப் போகும் புகைக்குழாயின் வளைவைக் கழற்றினோம். ஆறு அங்குலக் குழாய். உள்ளே தாரும் கொட்டையின் மெல்லிய தோலும் கலந்து கெட்டிப்பட்டு, நடுவில் ஒரு டம்ளர் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. காற்று இழுக்க வழியில்லை. டிரம்முக்குள் சூடான காற்று ஓடாமல், புகை கொட்டையைச் சுற்றியே நின்றிருக்கிறது. வெப்பமானியை உருவினால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி ஒரு ஓடு. அது காட்டிய 191-உம் பொய்.

பையனுக்கு போன் போட்டேன். "குழாயை எப்போடா கழட்டுவே?"

"வெள்ளிக்கிழமைதோறும் அண்ணே, நீங்க கணக்குப் பார்க்கப் போனப்புறம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இரண்டரை மூட்டை அந்த ஏழு வாரத்தில் போயிருக்கிறது.

கப்பிங் மேசை:

அண்ணே, நம்ம கதை வேற மாதிரி. விலை ஏறினப்போ என் எஸ்பிரெசோ பிளெண்டில் பிரேசிலைப் பாதியாக வெட்டி ஹோண்டுராஸ் சேர்த்தேன். பாக்கெட்டில் பேர் அதேதான். கண்ணைக் கட்டிக்கொண்டு நானும் மனைவியும் மூன்று நாள் குடித்துப் பார்த்தோம், வித்தியாசம் பிடிபடவில்லை. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு காபி கடையிலிருந்து போன். "18 கிராம் தூள் போட்டு 36 கிராம் காபி இறங்க எப்பவும் 28 விநாடி. இன்னைக்கு 21-லேயே ஓடிடுது. என்ன மாத்தினீங்க?" அவர் அதை இன்னும் குடித்துக்கூடப் பார்க்கவில்லை! கொட்டையின் இறுக்கம் மாறினால் அரவையும் மாறும் என்பது எனக்குத் தெரியும்தான், அதை இன்னொருவர் கவனிப்பார் என்று நினைக்கவில்லை. அன்று மாலைக்குள் பத்துக் கடைக்கும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் விலகிக்கொண்டார். மற்றவர்கள் கேட்டது ஒன்றுதான்: முந்தின நாளே சொல்லியிருந்தால் காலைக் கூட்டத்தில் கிரைண்டரோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டோமே.

பச்சைக்கொட்டை:

டிரம்காரன் சகோ, உங்களுக்கு மந்தமான காபியோடு போனது. எனக்கு அதே வளைவில் தீப்பிடித்தது. கொட்டை டிரம்மில் இல்லை, குளிர்விக்கும் தட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே குழாய் மட்டும் உறுமுகிறது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள்:

குழாய்தான் காரணம் என்று எல்லோரும் குழாயைக் கழற்றக் கிளம்பிவிடாதீர்கள். :) எனக்கு உண்மையிலேயே கொட்டைதான் பழுது. மழைக்காலம் முழுக்கச் சணல் மூட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். சுவர்ப் பக்கத்துக் கொட்டை மட்டும் வெளிறிப் போய், காய்ச்சினால் ஈரச் சாக்கு வாடை. மூட்டையின் நடுவில் எடுத்த சாம்பிள் அருமையாக இருந்ததால் இரண்டு மாதம் குழம்பினேன். மூட்டைக்குள் காற்றுப் புகாத உறை இருக்கிற சரக்கைத்தான் இப்போது எடுக்கிறேன்.

டிரம்காரன்:

'மூன்றாம் நாள்' சகோ சொல்வதும் சரிதான். அதனால்தான் ஒவ்வொரு லாட்டிலும் மூன்று கிலோவைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறார் அந்தப் பெண். சந்தேகம் வந்தால் பழையதைப் போட்டுப் பார்க்க.

அந்தக் காட்டமான மெயிலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கொட்டை கொடுத்தவர் ஒரே வரியில் பதில் போட்டார், "குழாயைப் படம் எடுத்து அனுப்புங்க, மத்தவங்களுக்குக் காட்டணும்." அனுப்பினேன். எத்தியோப்பியா அரை மூட்டை மிச்சம் இருந்தது. குழாய் சுத்தமான மறுநாள் ஒன்பது நிமிடம் இருபது விநாடியில் கிராக். தட்டில் கொட்டியதும் கூடம் முழுக்க எலுமிச்சைத் தோல் மணம். போன பையனுக்கும் ஒரு பாக்கெட் அனுப்பி வைத்தேன்.