புதுப்பிப்பு: நெட் இல்லாத கணினியில் பண்டாஸ் ஏறிவிட்டது

பண்டாஸுக்கு (அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பைத்தான் நூலகம்) வேண்டிய பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால், ஒன்றை வைத்ததும் அது இன்னொன்றைக் கேட்கிறது என்று புலம்பியிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. பைத்தானும் பல நூலகங்களும் சேர்ந்து வரும் அனகோண்டா மாதிரி மொத்த மூட்டையாகப் போட்டாலும் நடந்திருக்கும், ஆனால் ஒரு பண்டாஸுக்காக அத்தனை ஜிபியா?

கைகொடுத்தது ‘பிப் டவுன்லோட்’ (பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) யோசனைதான்: நெட் உள்ள கணினியில் ஓட்டினால் நம்பை, டேட்யூட்டில் என்று சார்ந்தவை எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து விழுகின்றன, அதை நெட் இல்லாத கணினிக்குக் கொண்டுவந்து நோ-இண்டெக்ஸ் (நெட்டில் தேடாதே), ஃபைண்ட்-லிங்க்ஸ் (இந்த ஃபோல்டரில் தேடு) என்ற பிப் ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்து நிறுவினால் போதும்.

எதிர்பாராதது ஒன்று. முதல் தடவை பண்டாஸே ஏறவில்லை, பொருந்தும் பதிப்பு இல்லை என்றது. பார்த்தால் கோப்பின் பெயரில் சிபி312 (பைத்தான் 3.12-க்கானது), இங்கே இருப்பதோ பைத்தான் 3.10! அப்புறம் பிப் டவுன்லோடில் பைத்தான்-வெர்ஷன் 3.10, கூடவே ஒன்லி-பைனரி ஆல் (தயார்நிலைக் கோப்புகளை மட்டும் இறக்கு என்பது; இது இல்லாமல் பிப் ஒத்துக்கொள்ளாது) என்ற ஆப்ஷன்களைக் கொடுத்து மறுபடி இறக்கினேன், சரியாகிவிட்டது. இரண்டு கணினியும் ஒரே வகை விண்டோஸ் என்பதால் பிளாட்ஃபார்ம் ஆப்ஷன் (எந்த இயங்குதளத்துக்கு என்று சொல்வது) தேவைப்படவில்லை.