செப்டிக் ஷாக்குக்கு எக்மோவா? மறுபடியும் அந்த "60க்கு 25"

இரவுப்பணி:
"செப்டிக் ஷாக்கில் எக்மோ போட்டால் பிழைப்பவர்கள் இரட்டிப்பு" என்று பம்புக்காரர் நேற்று எழுதியிருக்கிறார். (செப்டிக் ஷாக்: கடும் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்துபோவது. எக்மோ: ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றி உடலுக்குள் திருப்பி அனுப்பும் பம்பு இயந்திரம்.) லான்செட் மருத்துவ இதழில் வந்த 2020 கட்டுரையைத்தான் சொல்கிறார். எக்மோ போட்ட 82 பேரில் 90ஆம் நாள் 60% உயிரோடு இருந்தார்கள், போடாத 130 பேரில் 25%. சரி. ஆனால் அது பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஒப்பீடு. குலுக்கல் முறைச் சோதனை அல்ல. எத்தனை தடவை சொல்வது?

பம்புக்காரர்:
எண்களை நீங்களே எழுதிவிட்டு அப்புறம் என்ன வம்பு? நோயாளிகளின் நிலையைச் சமப்படுத்திக் கணக்கிட்டபோதும் 51க்கு 14. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

இரவுப்பணி:
நீங்கள் விழுங்கியதைச் சொல்கிறேன். அந்த 82 பேருக்கு இடது கீழறையின் வெளியேற்ற விகிதம், அதாவது ஒரு துடிப்பில் அது வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, சராசரியாக 17%. பதினேழு! அவர்களுக்கு இதயமே படுத்துவிட்டது. செப்டிக் ஷாக்கில் பெரும்பாலோருக்கு இதயம் நன்றாகவே அடிக்கும், ரத்தக் குழாய்கள்தான் தளர்ந்து கிடக்கும். அங்கே பம்பு வைத்து என்ன கிழிக்கப் போகிறீர்கள்? தொடை வழியாகக் குழாய் போட்டால் ரத்தம் எதிர்த்திசையில் போய் இதயத்தின் மேல் சுமை ஏற்றும். ரத்தக்கசிவு, காலுக்கு ரத்தம் போகாமல் கறுத்துப்போவது, இதெல்லாம் இலவச இணைப்பு.

பம்புக்காரர்:
"இதயம் செயலிழந்தவர்களுக்கு" என்றுதான் எழுதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

இரவுப்பணி:
அதை இன்று காலையில்தானே சேர்த்தீர்கள்? திருத்திய நேரம் கீழேயே தெரிகிறது ஐயா.

சும்மா_படிப்பவன்:
முதலில் எதை செப்டிக் ஷாக் என்கிறோம்? 2016 வரையறைப்படி, போதிய திரவம் ஏற்றியும் சராசரி ரத்த அழுத்தம் 65ஐப் பிடிக்க மருந்து வேண்டும், ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலப் பொருளும் 2க்கு மேல்...

இரவுப்பணி:
17%. இதற்குப் பதில் வரட்டும்.

குழந்தைகள்_வார்டு:
குழந்தைகளுக்கான 2020 வழிகாட்டி, வேறு எதற்கும் மசியாத ஷாக்கில் கடைசி முயற்சியாக விஏ எக்மோவை (சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்துத் தமனிக்குத் திருப்பும் வகை) பரிந்துரைக்கிறது. பலவீனமான பரிந்துரைதான், ஆனாலும் இருக்கிறது.

இரவுப்பணி:
பேச்சு பெரியவர்களைப் பற்றி. பலூன் பம்பு விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் குதித்தீர்கள், மறக்கவில்லை.

குழந்தைகள்_வார்டு:
அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

பம்புக்காரர்:
செப்சிஸில் (உடலையே தாக்கும் கடும் தொற்றில்) படுத்த இதயம் தப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களில் எழுந்துவிடும். அதுவரை தாங்கத்தான் பம்பு. 60க்கு 25.

இரவுப்பணி:
17. திருத்தியதை எப்போது ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள்?