கண்ணம்மா கலர்: சீரியல் பார்த்து உங்களுக்கு மனதில் தங்கிப்போன சம்பவம் எது?

தேனிக்காரி
பாரதி கண்ணம்மா சீரியல் எல்லாரும் பார்த்ததுதான், கறுப்பாக இருக்கிறாள் என்று மாமியார் வெறுக்கிற கண்ணம்மாவின் கதை. அது ஓடிக்கொண்டிருந்த சமயம், ஊரிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் என் மகளின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "நீ நம்ம கண்ணம்மா கலருடி" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அவருக்குக் கண்ணம்மா என்றால் உயிர்.

அன்று ராத்திரி மகள் கண்ணாடி முன்னால் நின்று, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னடி இது என்றேன். "அந்த அக்கா நிஜத்துல இவ்வளவு கறுப்பு இல்லம்மா. மேக்கப் போட்டுக் கறுப்பாக்குறாங்களாம். அவங்களுக்குத் துடைச்சா போயிடும்" என்றாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதை எனக்குத் திருப்பிக் காட்டினாள். அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ராயபுரம் தம்பி
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சீரியலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்பிரியன் மாநிறம்தான். அப்படி ஒரு பெண்ணை 2019-ல் நாயகியாக முன்னால் நிறுத்தியதே பெரிய விஷயம். அதுவரை டிவி நாயகிகள் எந்த நிறத்தில் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். அவள் மஞ்சளில் கை வைத்தாள். கடைக்காரப் பையன், "உங்க கலருக்கு இது எடுபடாதுக்கா" என்று வேறு எதையோ பிரித்துப் போட்டான். "கண்ணம்மா கட்டினா எடுபடுது, எனக்கு எடுபடாதா? அந்த மஞ்சளையே எடுங்க" என்றாள். எங்கள் வீட்டிலேயே நிமிர்ந்து பேசாதவள் அவள். முகூர்த்தத்துக்கு மஞ்சள்தான் கட்டினாள்.

மாயவரம் மருமகள்
எனக்கு மனதில் தங்கியது நிறம் பற்றியது இல்லை, எதிர்நீச்சல் சீரியலின் வில்லன் குணசேகரன் பற்றியது. அது ஓடினால் மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். குணசேகரனின் "ஏய் இந்தாம்மா" வந்ததும் சிரிப்பு தாங்காது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த வில்லத்தனத்திலும் நம்மைச் சிரிக்க வைத்தவர், அது அவருடைய திறமை. 2023 செப்டம்பரில் அவர் இறந்த அன்று மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. ஒருநாள் குணசேகரன் வீட்டுப் பெண்களை நிற்க வைத்துக் கத்துகிறார். மாமனார் சிரிக்கிறார். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. அவர் டிவியைப் பார்க்கவில்லை, மாமனாரைத்தான் பார்த்தார். "இதுல சிரிக்க என்ன இருக்கு? நாப்பது வருஷமா எனக்கு சிரிப்பு வரல" என்றார். மாமனார் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

சேலம் செவிலி
தேனிக்காரி, முதலில் மகளின் அலமாரியைப் பாருங்கள். கேட்காமல் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் சித்தி மகள் இப்படித்தான் மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்ன ட்யூப் ஒன்றை வாங்கி ரகசியமாக முகத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் பளிச்சென்று ஆனது. அப்புறம் கன்னமெல்லாம் சிவந்து, பருவும் பூனைமுடியும் வந்து, வெயிலில் நின்றாலே எரிகிறது என்று அழுதாள்.

அவை ஸ்டீராய்டு களிம்புகள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமீட்டசோன் என்று பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். கரப்பான், சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கு டாக்டர் குறித்த நாள் மட்டும் போட வேண்டியவை. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும். 2018-ல் இதுபோன்ற 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிற கடைகள் உண்டு. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், திட்டிப் பிடுங்கித் தூக்கி எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினாலும் முகத்தில் கொப்புளம் வந்து சிவக்கும். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும். வெயிலுக்கு சன்ஸ்கிரீன் போதும். "வெள்ளையாக்கும்" என்று எழுதியிருக்கிற எதுவும் வேண்டாம்.

தேனிக்காரி
பார்த்தேன் செவிலியம்மா, ஒன்றும் இல்லை. நன்றி.

ராயபுரம் தம்பி, உங்கள் தங்கையை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2014-ல் மலையாளத்தில் கறுத்தமுத்து, தெலுங்கில் கார்த்திக தீபம், நமக்குப் பாரதி கண்ணம்மா. மூன்றும் ஒரே கதைதான். கறுப்பாக இருக்கிறாள் என்று மாமியார் வெறுப்பார், அவள் பொறுத்துப் பொறுத்து நல்லவள் என்று நிரூபிக்க வேண்டும். கண்ணம்மாவின் மாமியார் சௌந்தர்யா பின்னால் மனம் மாறினார், சரி. அதற்குள் எத்தனை எபிசோட் அந்தப் பெண் ஏச்சு வாங்கினாள்! என் மகள் அதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தாளே. கறுப்பாக ஒரு பெண் வந்து, அவள் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமல், அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய், சண்டை போட்டு, காதலித்து வாழ்கிற சீரியல் இருந்தால் பெயர் சொல்லுங்கள். இன்று ராத்திரியே அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.